எஸ். கோதண்டபாணி, பி.காம்.

சாவுக்குத்தான் சார் போறேன், தஞ்சாவூருக்கு. ஐயோ, நீங்க எதுக்கு எழுந்திரிக்கிறீங்க, உக்காருங்க. ஜன்னலோரமெல்லாம் வேணாம். முகத்தையும் அப்படி வச்சுக்க வேணாம். செத்தது யாருன்னு நானே இன்னும் முடிவு பண்ணல. லீவு லெட்டர்ல 'நெருங்கிய உறவினர்'னு போட்டிருக்கேன். பாபநாசம் தாண்டுறதுக்குள்ள ஒருத்தரை யோசிச்சு வச்சுக்கணும். நாளைக்கு முதலாளி கேப்பாரு.

பையில எட்டிப் பாக்குறது பரீட்சை அட்டைதான். சாவு வீட்டுக்கு எதுக்குப் பரீட்சை அட்டைன்னு உங்களுக்குத் தோணும், நியாயம்தான். பஸ் தஞ்சாவூர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், சொல்றேன். யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். நம்ம ஊர்ல ஒரு பொம்பளைக்குப் படிப்பு வந்துட்டா என்னவெல்லாம் நடக்குதுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்.

கும்பகோணத்துல மருந்து மொத்த வியாபாரம் சார் எங்களுக்கு. மெடிக்கல் ஷாப்புக்கெல்லாம் நாங்கதான் சரக்கு போடுறோம். இருபத்தாறு வருஷமா நான்தான் அங்க மேனேஜர். என் மேஜை மேல பலகை இருக்கு. எஸ். கோதண்டபாணி, பி.காம்., மேலாளர்.

அந்த பி.காமை நான் எழுதச் சொல்லல. நான் அப்படி ஜம்பம் அடிக்கிற ஆள் இல்ல. வேலைக்குச் சேரும்போது முதலாளி சிங்காரவேலு, என்ன படிச்சிருக்கேன்னு கேட்டாரு. பி.காம் படிச்சிருக்கேன்னேன். படிச்சேன்ல? மூணு வருஷம் சைக்கிள் மிதிச்சுப் போய்ப் படிச்சேன். பாஸ் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் நாக்கு அழுகட்டும். ஸ்டாடிஸ்டிக்ஸ்னு ஒரே ஒரு பேப்பர் நின்னுபோச்சு. மத்ததெல்லாம் பாஸ். கல்யாணப் பந்தியில அப்பளம் மட்டும் வரலைன்னா, சாப்பிடவே இல்லைன்னு அர்த்தமா? சர்டிபிகேட் எங்கன்னு முதலாளி கேட்டாரு, வரும்னேன். இருபத்தாறு வருஷமா வந்துக்கிட்டுத்தான் இருக்கு. யூனிவர்சிட்டி வேலை எப்படின்னு உங்களுக்குத் தெரியாததா.

நிம்மதியாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. மங்கையர்க்கரசி வந்தா.

பேரே பில்லுல ரெண்டு வரி வரும். பிளஸ் டூ முடிச்சுட்டு, கல்யாணம் ஆகி, ரெண்டாங்கிளாஸ் படிக்கிற ஒரு பொண்ணும் இருக்கு அவளுக்கு. புருஷன் வேன் ஓட்டுறாரு. பில் போடுறதுக்குத்தான் சேத்தோம். காலையில ஒம்போதுலேருந்து ராத்திரி எட்டரை வரைக்கும் நின்னுக்கிட்டே வேலை. நல்லாத்தான் செஞ்சா, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா, மத்தியானம் டிபன் பாக்ஸ் மேல ஒரு புஸ்தகத்தைச் சாத்தி வச்சுக்கிட்டு, ஒரு வாய் சோறு, ஒரு வரி படிப்புன்னு உக்காந்திருக்கா. என்னம்மா இதுன்னேன். தபால்ல பி.காம் சேந்திருக்கேன் சார்னா.

நான் தப்பா ஒண்ணும் சொல்லல சார். நல்லதும்மா, ஆனா இது மருந்து விக்கிற இடம், படிப்பு நெனப்புல ஒரு மாத்திரை மாறிப்போனா ஒரு உயிர் போயிடும்னேன். மொத்த வியாபாரத்துல நாம யாரு வாயிலயும் மாத்திரை போடுறதில்லை, அது வேற விஷயம். கண்டிப்பு வேணும்ல.

ஞாயித்துக்கிழமை அவளுக்கு வகுப்பு இருக்கும். அதனால ஞாயித்துக்கிழமைதான் காலாவதியான சரக்கைப் பிரிக்கணும்னு ஒரு முறை கொண்டுவந்தேன். அவளுக்காக இல்ல, பொதுவா. அவ சனிக்கிழமை ஒம்போது மணி வரைக்கும் நின்னு எல்லாத்தையும் பிரிச்சு வச்சுட்டு, ஞாயித்துக்கிழமை வகுப்புக்குப் போயிட்டா. அடங்காத ஜென்மம். அப்புறம் மருந்து அட்டைப்பெட்டியைக் கிழிச்சு, அதுல சூத்திரமெல்லாம் எழுதி, ரேக்குக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருந்தா. இருமல் டானிக் எடுக்கப் போனா ஒரு சூத்திரம், சுகர் மாத்திரை எடுக்கப் போனா இன்னொண்ணு. வர்றப்பவும் போறப்பவும் வாய் முணுமுணுத்துக்கிட்டே இருக்கும். சுத்தம்னு ஒண்ணு இருக்குல்ல. எல்லாத்தையும் கிழிச்சுக் குப்பையில போட்டேன். ஒண்ணே ஒண்ணை மட்டும் போடல. திட்டவிலக்கம், ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னு சொல்லுவாங்களே, அது. கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு, போட மனசு வரல. சட்டைப் பையில வச்சுக்கிட்டேன்.

போன வருஷம் தை மாசம் முதலாளி என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சாரு. அவருக்கு எழுபத்தி மூணு வயசு. மகன் கனடாவுல. புதுசா இன்னொரு கடை தொறக்குறோம், ரெண்டுக்கும் சேத்துத் தலைமை மேலாளர்னு ஒருத்தரைப் போடணும், மருந்து கம்பெனிக்காரங்க டிகிரி சர்டிபிகேட் காப்பி கேக்குறாங்க, ஜூனுக்குள்ள அதை மட்டும் கொண்டாந்து குடுத்துடு பாணின்னாரு. என்னைவிட்டா வேற யாரு சார் இருக்கா? தலையாட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து பேதி நிக்கிற மாத்திரை ரெண்டு போட்டேன்.

ஆண்டவன் ஒரேயடியாக் கைவிட மாட்டான். பேப்பர்ல விளம்பரம் வந்துச்சு, பழைய அரியர் உள்ளவங்களுக்குச் சிறப்பு வாய்ப்பு, இதுவே கடைசின்னு. பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லாமப் பணம் கட்டினேன். ஹால் டிக்கெட் வந்துச்சு. மார்ச் முப்பத்தொண்ணு, காலையில பத்து மணி, தஞ்சாவூர்ல ஒரு காலேஜ்.

அதே வாரம் மங்கையர்க்கரசி லீவு லெட்டரோட நிக்கிறா. மத்த பரீட்சையெல்லாம் சனி ஞாயித்துல வந்து தொலைஞ்சிருச்சு, கடைசிப் பரீட்சை மட்டும் மார்ச் முப்பத்தொண்ணு சார், இதை எழுதினா டிகிரி முடிஞ்சிரும்ங்கிறா. மார்ச் முப்பத்தொண்ணு என்ன நாள் சார்? வருஷக் கடைசி. ஒரு மாத்திரை விடாம ஸ்டாக் எண்ணுற நாள். அன்னைக்கு யாருக்கும் லீவு கிடையாது, எங்க வீட்டுல சாவு விழுந்தாலும் நான் வருவேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். என் ஹால் டிக்கெட் அப்ப வீட்டுப் பீரோவுல இருந்துச்சு. அது வேற விஷயம்.

முப்பத்தொண்ணாம் தேதி காலையில ஆறு மணிக்கு முதலாளிக்குப் போன் போட்டேன். மன்னார்குடியில எங்க பெரியப்பா தவறிட்டாருங்கன்னேன்.

பெரியப்பா உசுரோடதான் இருந்தாரு. எண்பத்து நாலு வயசுல தன் கையால ரேஷன் வாங்கிக்கிட்டு இருந்தாரு. அப்பா இல்லாத என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போய் ஸ்கூல்ல சேத்தவர் அவரு. அவசரத்துல வாயில அவர் பேருதான் வந்துச்சு. வேண்டியவங்க பேருதானே சார் சட்டுனு வரும்?

முதலாளி பதறிப்போயிட்டாரு. அவர் ஒரு மாதிரியான ஆளு. நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்னு சொல்லுவாங்கல்ல, அதை அப்படியே புடிச்சுக்கிட்டு வாழுறவர். சொந்தத் தங்கச்சி மகன் கல்யாணத்துக்குப் போகல, பக்கத்துத் தெரு டெய்லர் சாவுக்கு நாலு மணி நேரம் நின்னாரு. எப்ப எடுக்குறாங்க, நான் வர்றேன்னாரு. இன்னைக்கே எடுத்துடுறாங்க, ஸ்டாக் எண்ணுற நாள்ல நீங்க கடையை விட்டு வரக்கூடாதுன்னு சமாளிச்சேன். கடமையைச் சொல்லித் தடுத்தேன் சார், சும்மா இல்ல.

பத்து மணிக்கு ஹால்ல போய் உக்காந்தேன். பக்கத்துல எல்லாம் என் மகன் வயசு. ஆளுக்கொரு கால்குலேட்டர் வச்சிருக்கானுங்க. நான் லாகரிதம் டேபிள் கொண்டு போயிருந்தேன். நாங்க படிச்ச காலத்துல அதுதான் சார், இருபத்தெட்டு வருஷமா பத்திரமா வச்சிருந்தது, பக்கம் புரட்டினா பொடியாக் கொட்டுது. சூப்பர்வைசர் அதை வாங்கி முன்னாடியும் பின்னாடியும் பாத்துட்டு, இது எதுக்கு ஐயா வந்ததுன்னு கேட்டாரு. கணக்குப் போடுறதுக்குன்னேன். சிரிக்காமக் குடுத்துட்டாரு, மரியாதை தெரிஞ்ச மனுஷன்.

கேள்வித்தாளைப் பிரிக்கிறேன், பின்னாடி பெஞ்சுல ஒரு இருமல். தெரிஞ்ச இருமல். திரும்பிப் பாத்தா மங்கையர்க்கரசி.

எப்படி வந்தா தெரியுமா சார்? மேனேஜர் வீட்டுல சாவு, மேனேஜர் இல்ல, அதனால நேரா முதலாளிகிட்டயே போன் போட்டு லீவு கேட்டிருக்கா. படிக்கிற பொண்ணு போயிட்டு வாம்மான்னு அவரும் விட்டுட்டாரு. என்னைத் தாண்டி முதலாளிகிட்டப் போறா பாருங்க. இருபத்தாறு வருஷத்துல ஒருத்தர் அப்படிச் செஞ்சதில்ல. நான் ஒரு நாள், ஒரே ஒரு நாள், சாவுக்குப் போனா ஆபீஸ் இந்த லட்சணத்துல இருக்கு.

நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். திட்டவிலக்கம் இருபது மார்க்குக்கு வந்திருந்துச்சு. சூத்திரம் மனப்பாடம், சட்டைப் பையில ஒரு வருஷமாக் கிடந்ததுல்ல. ஆனா வர்க்கமூலம் எடுக்கணும். டேபிளைப் புரட்டுறேன், அந்தப் பக்கமே இல்ல, கரையான் தின்னுருச்சு. ஓரத்துல கையாலயே போட்டுப் போட்டு அடிக்கிறேன். ஒரு மணி நேரம் போச்சு. அப்ப அவ தன் பேப்பரை முடிச்சுட்டு எழுந்து சூப்பர்வைசர்கிட்ட என்னமோ சொல்றா. அவரு அவ கால்குலேட்டரை வாங்கிக்கிட்டு என்கிட்ட வந்து, ஐயா, அந்தம்மா இதை உங்களுக்குக் குடுக்கச் சொல்றாங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்களான்னு கேட்டாரு.

நான் அந்தம்மா யாருன்னே தெரியாதுன்னேன்.

பின்ன என்ன சார்? என்கிட்ட வேலை பாக்குற பொண்ணுகிட்ட, அதுவும் நான் லீவு இல்லைன்னு சொன்ன பொண்ணுகிட்ட, கால்குலேட்டர் கடன் வாங்குறதா? அவ கால்குலேட்டரை வாங்கிப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டா.

மறுநாள் ஆபீஸுக்குப் போறேன். இந்நேரம் ஊரெல்லாம் சொல்லியிருப்பான்னு நெனச்சேன். முதலாளி எழுந்து வந்து என் கையைப் புடிச்சுத் துக்கம் கேட்டாரு. எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. அவளும் வந்து நின்னா. காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா சார்னு கேட்டா. முகத்துல ஒரு சிரிப்பில்ல, ஒண்ணுமில்ல. சொல்லித் தொலைச்சிருந்தாக்கூட நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சொல்லாம இருந்து கொல்றா பாருங்க, அதுக்குப் பேரு என்ன? திமிர்.

அதோட விட்டுச்சா? பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் வர்றேன் பாணின்னு முதலாளி கிளம்பிட்டாரு. வேஷ்டி துண்டு எடுத்து வச்சாச்சு, வண்டிக்குச் சொல்லியாச்சு. மன்னார்குடிக்குப் போனா பெரியப்பாவே வாசல்ல உக்காந்து வாங்க வாங்கம்பாரு. பதினாலாம் நாள், நான் கூட இல்லாத நேரமாப் பாத்து, மங்கையர்க்கரசி முதலாளிகிட்டச் சொல்லியிருக்கா. சார் பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லைங்களாம், மூணாம் நாளே எல்லாத்தையும் முடிச்சுட்டாங்களாம், சார் துக்கத்துல சொல்ல மறந்துட்டாங்கன்னு. முதலாளி என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாரு சார்.

இவ யாரு எங்க பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லைன்னு சொல்றதுக்கு? சிங்கக்குட்டி மாதிரி ரெண்டு மகனுங்க இருக்காங்க. குடும்ப விஷயத்துல தலையிடுறதுக்கு ஒரு அளவு வேணாமா?

ஜூன்ல ரிசல்ட்டு. அவ முதல் வகுப்பு. நான் முப்பத்தேழு. நாப்பது எடுத்தாத்தான் பாஸ். மூணு மார்க் சார். ஒரு வர்க்கமூலம்.

முதலாளி ஜூன் கடைசி வரைக்கும் என் சர்டிபிகேட்டுக்குக் காத்திருந்தாரு, அதையும் சொல்லணும். அப்புறம் அவளைத் தலைமை மேலாளராப் போட்டாரு. நேத்து வரைக்கும் பில் போட்ட பொண்ணுக்கு இன்னைக்குத் தனி ரூம். பெயிண்டர் வந்து எல்லாருக்கும் புதுப் பலகை எழுதினான். என் பழைய பலகையைக் கையில வச்சுக்கிட்டு, பி.காம் போடணுமான்னு அவகிட்டப் போய்க் கேக்குறான். கேக்குறவனுக்கு அறிவில்ல. நான் ஸ்டாக் ரூம்ல ரேக்குக்குப் பின்னாடி நிக்கிறேன். அவ பலகையை வாங்கிப் பாத்தா. அப்புறம், போடுங்க, அது சாரோடதுதானேன்னா.

இப்ப தினமும் அந்த பி.காம் என்னையே பாக்குது சார். இருபத்தாறு வருஷமா ஒரு தொந்தரவும் பண்ணாத எழுத்து.

கேளுங்க. போன மார்கழியில ஒரு நாள் பெரியப்பா நெஜமாவே போயிட்டாரு. என் செல்லு சார்ஜ் இல்லாம அணைஞ்சு கிடந்துச்சு. பெரியப்பா மூத்த மகன், எங்க அண்ணன், ஆபீஸ் போனுக்கு அடிச்சிருக்காரு, எடுத்தது அவ. என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னா. நான் என்ன சார் பண்ணுவேன்? ஏற்கெனவே செத்த ஆளுக்கு மறுபடி எப்படி லீவு கேக்குறது? முதலாளி கையைப் புடிச்சுத் துக்கம் கேட்டுட்டாரே. நான் போய்க் காலாவதி ரூம்ல உக்காந்து டானிக் பாட்டில் எண்ணிக்கிட்டு இருந்தேன். எண்ணுறேன், எண்ணுறேன், இருபதுக்கு மேல போகமாட்டேங்குது. கண்ணு மறைக்குது.

கால் மணி நேரத்துல அவ வந்தா. மன்னார்குடியில ஒரு மெடிக்கல்ல ரிட்டர்ன் சரக்கு இருக்கு, அவசரமா எடுக்கணும், நீங்கதான் போகணும், முதலாளிகிட்டச் சொல்லிட்டேன், வண்டி நிக்குதுன்னா. வண்டி ஓட்டினது அவ புருஷன். நேராப் பெரியப்பா வீட்டு வாசல்ல கொண்டு போய் நிறுத்தினாரு. வாய்க்கரிசி போட்டேன் சார். தூக்குறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி.

எந்த மெடிக்கல், என்ன ரிட்டர்ன், இன்னை வரைக்கும் எனக்குத் தெரியாது. அம்பத்தி ரெண்டு வயசு மேனேஜரை, டூட்டி நேரத்துல, இல்லாத சரக்குக்கு ஊர் ஊரா அலைய விடுறா. அதிகாரம் கைக்கு வந்தா அப்படித்தான்.

இப்ப மறுபடியும் பேப்பர்ல போட்டான், சிறப்பு வாய்ப்பு, இதுவே கடைசி. போன தடவையும் இப்படித்தான் போட்டிருந்தான், ஆனா இந்தத் தடவை தடிச்ச எழுத்துல போட்டிருக்கான். அடுத்த மாசம் முதலாளி மகன் கனடாவுலேருந்து வர்றாராம், எல்லார் சர்டிபிகேட்டையும் வாங்கிக் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறாராம். என்னோடது வந்துக்கிட்டு இருக்குன்னு கனடாக்காரங்கிட்ட எத்தனை வருஷம் சொல்ல முடியும்? இன்னைக்குப் பத்து மணிக்கு அதே காலேஜ், அதே ஹால். இதுல போச்சுன்னா அந்தப் பலகையை நானே கழட்டிடுவேன் சார், அவ கழட்டச் சொல்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன்.

லீவு லெட்டர் இப்ப அவகிட்டத்தான் போகணும். நேத்து சாயங்காலம் கொண்டு போய் நீட்டினேன். மேடம்னுதான் கூப்பிடுறேன், ஆபீஸ் முறை. 'நெருங்கிய உறவினர் மரணம்'னு படிச்சா. யாருன்னு கேப்பான்னு பாத்தேன், கேக்கல. கையெழுத்துப் போட்டா. லெட்டரைத் திருப்பிக் குடுத்துட்டு, மேஜை டிராயரைத் தொறந்து இதை எடுத்து வச்சா. இதோ, இதுதான். அன்னைக்கு அந்தம்மா யாருன்னே தெரியாதுன்னு சொல்லி நான் வாங்காத கால்குலேட்டர். புது பேட்டரி போட்டு வச்சிருக்கா.

"ஹால் டிக்கெட்டை மறந்துடாதீங்க சார்"னா.

அவ்வளவுதான், அடுத்த பில்லைப் பாக்க ஆரம்பிச்சுட்டா. நான் எடுத்துப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். வேணாம்னு சொன்னா மேலதிகாரியை அவமதிச்ச மாதிரி ஆயிடும்ல. அதுக்காகத்தான். மத்தபடி எனக்கு இது தேவையே இல்ல. லாகரிதம் டேபிள் புதுசா ஒண்ணு தேடிப் பாத்தேன், எந்தக் கடையிலயும் இல்லைங்கிறான், அது வேற விஷயம்.

ஐயம்பேட்டை தாண்டிட்டோமா? அப்ப இன்னும் அரைமணிதான். உங்க கிட்ட ஒண்ணு கேக்கலாமா சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க படிச்சவர் மாதிரி தெரியுது. கண்ணாடியை வேற வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். இதுல வர்க்கமூலம் எந்தப் பட்டன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?